திரைப்பட இசையில் மூங்கில் குழல்கள்

மூங்கில் குழல்கள் திரைப்படப் பின்னணி இசையில் வயல், காடு, மலை, சிற்றூர் முதலிய சூழல்களை உணர்த்தப் பரவலாகப் பயன்படும் துளைக்கருவிகள் ஆகும். தென்னிந்தியப் புல்லாங்குழல், வட இந்தியப் பன்சூரி, சப்பானின் ஷகுஹாச்சி, ருமேனியாவின் பான் குழல் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை இயற்கையை எளிதில் நினைவூட்டுகின்றன. எனினும் கதை நிகழும் நாட்டை எப்பொழுதும் சரியாகச் சுட்டுவதில்லை.

ஒலிப் பண்பு

நாதசுவரத்தில் உள்ளது போன்ற சீவாளி குழலில் இல்லை. ஊதப்படும் காற்று துளையின் விளிம்பில் மோதிப் பிரிவதால் ஒலி பிறக்கிறது. சுரத்துடன் மூச்சின் ஓசையும் கலந்து கேட்பதால் அது வீசும் காற்றை ஒத்திருக்கும். விரல்துளைகள் உள்ள குழல்களில், துளையைப் பாதி மூடி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லலாம். இது பறவைக் குரலை நினைவூட்டும்.

ஆயர் வாழ்வுடன் குழலுக்குள்ள பழந்தொடர்பு மற்றொரு காரணம் ஆகும். பான் குழலுக்குப் பெயர் தந்த பான், கிரேக்கத் தொன்மத்தில் ஆயர்களின் கடவுள் ஆவார். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையிலும் ஆயர் குழல் இடம்பெறுகிறது.

இடத்துடன் பொருந்திய குழல்

சத்யஜித் ராய் இயக்கிய பதேர் பாஞ்சாலி (1955) வங்காளச் சிற்றூர் ஒன்றில் நிகழ்வது. ரவி சங்கர் அமைத்த அதன் முதன்மை மெட்டு, அம்மண்ணில் வழங்கும் மூங்கில் குழலில் ஒலிக்கிறது. தொடர்ச்சியான அபராஜிதோ (1956) படத்தில், காசியை விட்டுத் திரும்பும் தாயும் மகனும் செல்லும் தொடர்வண்டி வங்காளத்தை அடையும்பொழுது அம்மெட்டு மீண்டும் வருகிறது. ஊர் திரும்புவதை உரையாடல் இன்றி இசையே உணர்த்துகிறது.

இடம் மாறிய குழல்

பீட்டர் வியர் இயக்கிய பிக்னிக் அட் ஹாங்கிங் ராக் (1975), 1900ஆம் ஆண்டில் ஆத்திரேலியப் பாறைப் பகுதியொன்றில் மாணவியர் காணாமற்போவதைக் கூறுகிறது. அந்நிலத்தின் மருட்சியை உணர்த்துவது ருமேனியக் கலைஞர் கியோர்கே சம்ஃபீரின் பான் குழல் ஆகும். பில் கான்டி இசையமைத்த த கராத்தே கிட் (1984) படத்திலும் சம்ஃபீர் வாசித்துள்ளார். அதில் அதே குழல், ஒக்கினாவாவைச் சேர்ந்த ஆசிரியரின் கீழைத்தேய மரபைக் குறிக்கிறது. லெஜெண்ட்ஸ் ஆஃப் த ஃபால் (1994) படத்திலோ, அமெரிக்காவின் மொன்டானா மலைப்பகுதிக்கு ஜேம்ஸ் ஹார்னர் சப்பானிய ஷகுஹாச்சியைப் பயன்படுத்தினார். வாசித்தவர் கசு மட்சுயி.

இத்தகைய பயன்பாட்டில் குழலின் சொந்த மரபு மறைந்து, "தொலைவான இயற்கை" என்னும் பொதுப்பொருள் மட்டும் எஞ்சுகிறது. கருவியின் பெயரை அறியாத பார்வையாளர், அது திரையில் தோன்றும் நிலத்துக்கே உரியது எனக் கருத இடமுண்டு.