காளை மாட்டிலிருந்து 10 மில்லிகிராம்: எர்ன்ஸ்ட் லாக்கூரின் கதை

டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இன்று குறைவு. விளையாட்டுப் பக்கத்தில் ஊக்கமருந்துச் செய்தி வந்தால் அதில் இந்தப் பெயர் இருக்கும். உயிரியல் பாடப்புத்தகத்தில் ஆண் ஹார்மோன் என்று ஒரு வரியில் இருக்கும். ஆனால் இந்தப் பெயரை வைத்தவர் யார், அதை முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்த மனிதர் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் லாக்கூர். நோபல் பரிசு வேறு இருவருக்குப் போனது. பேராசிரியர் பதவியை நாஜிகள் பறித்தார்கள். அவர் குடும்பத்தையும் போர் விட்டுவைக்கவில்லை.

பிறப்பும் படிப்பும்

லாக்கூர் 1880-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி பிரெஸ்லாவ் நகருக்கு அருகிலுள்ள ஒபெர்நிக் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது ஜெர்மனி, இன்று அது போலந்து. மருத்துவம் படித்தார். ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதைவிட உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதில்தான் அவருக்கு ஆர்வம் இருந்தது. அதனால் உடலியங்கியல் பக்கம் போனார்.

முதல் உலகப் போர் வந்தபோது மற்ற ஜெர்மானிய விஞ்ஞானிகளைப் போல அவரும் நாட்டுக்காக உழைத்தார். அந்தப் போரில் நச்சு வாயு ஓர் ஆயுதமானது. பாஸ்ஜீன் வாயு நுரையீரலை எப்படிச் சிதைக்கிறது என்று விலங்குகளில் ஆராயும் வேலையில் லாக்கூர் ஈடுபட்டார். அவரோடு சேர்ந்து அந்த ஆய்வை வெளியிட்டவர் ருடால்ஃப் மாக்னஸ். ஜெர்மனியில் பிறந்து நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மருந்தியல் துறையைக் கட்டி எழுப்பியவர் இந்த மாக்னஸ். ஜெர்மனிக்காக இப்படி உழைத்த லாக்கூரைத்தான் இருபது ஆண்டு கழித்து அதே ஜெர்மனி வேண்டாதவராக ஒதுக்கியது.

1920-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் அவரை மருந்தியல் பேராசிரியராக அழைத்தது. அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கை நெதர்லாந்தோடு சேர்ந்துவிட்டது.

இன்சுலினும் இறைச்சித் தொழிற்சாலையும்

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் லெனர்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் சிறுவயதில் நீரிழிவு வந்தால் அது மரண தண்டனைதான். பட்டினி போட்டு சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நாளைத் தள்ளலாம், அவ்வளவே. இன்சுலின் செய்தி பரவியதும் எல்லா நாட்டு நோயாளிகளும் அதைக் கேட்டார்கள். ஆனால் கொடுப்பதற்கு மருந்து எங்கே?

இன்சுலின் அன்று விலங்குகளின் கணையத்திலிருந்துதான் கிடைத்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. கணையத்திலேயே செரிமான நொதிகளும் இருக்கின்றன. விலங்கு இறந்தபின் நேரம் ஆக ஆக அந்த நொதிகள் இன்சுலினை அழித்துவிடும். ஆகவே வெட்டியவுடன் கணையத்தை எடுத்துக் குளிர்வித்தாக வேண்டும். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தால் மட்டும் இது முடிகிற காரியம் அல்ல.

நெதர்லாந்தின் தெற்கே ஓஸ் என்ற ஊரில் சால் வான் ஸ்வானென்பெர்க் என்ற யூதத் தொழிலதிபர் பெரிய இறைச்சித் தொழிற்சாலை நடத்திவந்தார். இறைச்சி போக மிஞ்சும் உறுப்புகளை எப்படிப் பணமாக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். லாக்கூரிடம் அறிவு இருந்தது, ஸ்வானென்பெர்க்கிடம் கணையம் இருந்தது. 1923-இல் இருவரும் ஜாக் வான் ஓஸ் என்பவரோடு சேர்ந்து ஆர்கனான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் சரக்கு இன்சுலின்.

இதில் ஒரு முக்கியமான ஏற்பாடு இருந்தது. ஓஸில் தயாராகும் மருந்தின் தரத்தை ஆம்ஸ்டர்டாமில் லாக்கூரின் ஆய்வுக்கூடம் சோதித்தது. இன்சுலினை வேதியியல் முறையில் அளக்க அன்று வழி கிடையாது. முயலுக்கு ஊசி போட்டு அதன் ரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் மருந்தின் வலிமையைச் சொல்ல முடியும். வலிமை கூடினால் நோயாளி மயங்கி விழுவார், குறைந்தால் மருந்து பலிக்காது. ஆகவே பேராசிரியரின் சோதனைதான் மருந்துக்கு நம்பகத்தன்மை கொடுத்தது.

பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தன் பெயரை வணிக நிறுவனத்தோடு இணைக்கலாமா? இந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. லாக்கூரைப் பொறுத்தவரை இரு பக்கமும் உண்மை இருந்தது. அந்தக் கூட்டணி இல்லாவிட்டால் இன்சுலின் அவ்வளவு சீக்கிரம் நெதர்லாந்தில் கிடைத்திருக்காது. அதே சமயம் மருந்தை விற்கும் நிறுவனமும் அதை நல்லது என்று சான்று கொடுப்பவரும் ஒரே அணியில் இருந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

ஹார்மோன் வேட்டை

இன்சுலினுக்குப் பிறகு லாக்கூரின் கவனம் பாலின ஹார்மோன்கள் பக்கம் திரும்பியது. அந்தத் துறைக்கு அப்போது நல்ல பெயர் இல்லை. 1889-இல் பாரிஸில் 72 வயதான பிரௌன்-செக்கார்ட் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று அறிவித்தார். அதன்பின் இளமை தரும் மருந்து என்று கண்டதையெல்லாம் விற்கும் கூட்டம் கிளம்பியது. 1894-இல் பிரௌன்-செக்கார்ட் இறந்தும் அந்த வியாபாரம் நிற்கவில்லை.

இதை அறிவியலாக மாற்ற இரண்டு வேண்டும். ஒன்று, சாற்றில் ஹார்மோன் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு வழி. மற்றொன்று, அதைத் தூய பொருளாகப் பிரித்தெடுக்கும் வேதியியல். ஆண் ஹார்மோனை அளக்க உதவியது சேவல்! காயடித்த சேவலின் கொண்டை சுருங்கிவிடும். ஹார்மோன் உள்ள சாற்றை ஊசியில் ஏற்றினால் கொண்டை மீண்டும் வளரும். எவ்வளவு வளர்கிறது என்று அளந்தால் சாற்றின் வலிமை தெரிந்துவிடும்.

பெண் ஹார்மோனில்தான் லாக்கூர் குழு முதலில் பெயர் வாங்கியது. அவர்கள் தயாரித்த மருந்தை ஆர்கனான் மென்ஃபார்மான் என்ற பெயரில் விற்றது. கருவுற்ற பெண்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் ஏராளமாக இருக்கிறது என்று 1927-இல் பெர்லினில் அஷ்ஹைமும் சோண்டெக்கும் கண்டுபிடித்தார்கள். சினைக் குதிரையின் சிறுநீரில் இன்னும் அதிகம் என்பது 1930-இல் தெரிந்தது. அதன்பின் கசாப்புக்கூடத்தைவிடக் குதிரை லாயம் முக்கியமாகிவிட்டது. டச்சு விவசாயிகளிடமிருந்து குதிரைச் சிறுநீர் ஓஸுக்கு வந்தது.

1927-இல் லாக்கூர் குழு வெளியிட்ட இன்னொரு செய்தி பலரைக் குழப்பியது. ஆரோக்கியமான ஆண்களின் சிறுநீரிலும் பெண் ஹார்மோன் இருக்கிறது என்றார்கள். ஆணுக்கு ஆண் ஹார்மோன், பெண்ணுக்குப் பெண் ஹார்மோன் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. ஏதோ தவறு நடந்திருக்கும் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 1934-இல் சோண்டெக், ஆண் குதிரையின் சிறுநீரில் பெண் ஹார்மோன் மிக அதிகமாக இருப்பதைக் காட்டினார். இரு பாலரின் உடலிலும் இரு வகை ஹார்மோன்களும் உண்டு, அளவுதான் வேறு என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. அந்தப் பாதையில் முதல் அடி வைத்தவர்களில் லாக்கூர் குழுவும் ஒன்று.

1935: மூன்று குழுக்களின் ஓட்டம்

ஆண் ஹார்மோனைத் தேடியதில் மூன்று இடங்கள் முன்னணியில் இருந்தன. ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டெனான்ட், அவருக்குப் பின்னால் ஷெரிங் நிறுவனம். சுவிட்சர்லாந்தில் லியோபோல்ட் ருஷீச்கா, அவருக்குப் பின்னால் சீபா நிறுவனம். ஆம்ஸ்டர்டாமில் லாக்கூர், அவருக்குப் பின்னால் ஆர்கனான்.

1931-இல் பூட்டெனான்ட் 15,000 லிட்டர் ஆண் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஹார்மோனை எடுத்தார். அதற்கு ஆண்ட்ரோஸ்டிரோன் என்று பெயர். வேட்டை முடிந்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் ஆம்ஸ்டர்டாம் குழுவுக்குச் சந்தேகம். விரையிலிருந்து நேரடியாக எடுத்த சாறு சேவல் கொண்டையிலும் எலியிலும் காட்டிய விளைவு சிறுநீரில் கிடைத்த பொருளோடு ஒத்துப்போகவில்லை. அப்படியானால் விரையில் இருப்பது வேறு பொருளாக இருக்க வேண்டும் அல்லவா?

காளைகளின் விரைகளைக் கிலோ கணக்கில் சேகரித்து, சாறு எடுத்து, கொழுப்பை நீக்கி, மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினார்கள். 100 கிலோ விரையிலிருந்து கடைசியில் கையில் கிடைத்தது சுமார் 10 மில்லிகிராம் படிகம். ஒரு சாதாரண காய்ச்சல் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அதில் ஐம்பதில் ஒரு பங்கு!

1935 மே மாதத்தில் அந்தக் கட்டுரை தயாரானது. எழுதியவர்கள் நால்வர்: காரோலி டேவிட், எலிசபெத் டிங்கெமான்ஸே, யானோஸ் ஃப்ராய்ட், எர்ன்ஸ்ட் லாக்கூர். ஆண்கள் நிறைந்த அந்தத் துறையில் டிங்கெமான்ஸே ஒரு பெண் வேதியியலாளர் என்பதையும் குறிப்பிட வேண்டும். புதிய பொருளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தவர்களும் இவர்கள்தான்.

பெயர் வந்த மூன்றே மாதத்தில், 1935 ஆகஸ்ட் இறுதியில், பூட்டெனான்டும் ருஷீச்காவும் ஒரு வார இடைவெளியில் தனித்தனியே டெஸ்டோஸ்டிரோனைக் கொலஸ்டிராலிலிருந்து செயற்கையாகத் தயாரித்துவிட்டதாக அறிவித்தார்கள். இனி 100 கிலோ விரை தேவையில்லை. 1939-இல் வேதியியல் நோபல் பரிசு இந்த இருவருக்கும் கிடைத்தது. நாஜி அரசின் கட்டாயத்தால் பூட்டெனான்ட் அன்று அதை மறுக்க நேர்ந்தது, போருக்குப் பின் 1949-இல்தான் பட்டயத்தைப் பெற்றார். ஆம்ஸ்டர்டாம் குழுவுக்கு எதுவும் இல்லை.

இது அநியாயமா? அணு அமைப்பைக் கண்டு செயற்கையாக உருவாக்கியது மகத்தான வேலை, அதில் சந்தேகம் இல்லை. பரிசும் டெஸ்டோஸ்டிரோனுக்காக மட்டும் தரப்பட்டதல்ல. ஆனால் தேட வேண்டிய பொருள் வேறு என்று சந்தேகப்பட்டு அதை எடுத்துக் காட்டியவர்கள் இல்லாமல் அந்தக் கடைசி மூன்று மாத ஓட்டமே நடந்திருக்காது.

போர் வந்தது

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. அக்டோபரில் அரசு ஊழியர்கள் எல்லோரும் தாங்கள் யூதரா இல்லையா என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நவம்பரில் யூத ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றத் தலைவர் லோடெவைக் விஸ்ஸரும் அதில் ஒருவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் கிளெவரிங்கா நவம்பர் 26 அன்று தன் யூத ஆசிரியருக்காக வகுப்பறையில் எழுந்து பேசினார். பேசியதற்குச் சிறை கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமில் இருபது ஆண்டுகள் கற்பித்த லாக்கூரும் பதவியை இழந்தார்.

நெதர்லாந்தில் வாழ்ந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். லாக்கூர் உயிர் பிழைத்தார். ஆனால் 1919-இல் பிறந்த மகள் ரெனாட்டா பெர்கன்-பெல்சன் முகாமுக்கு அனுப்பப்பட்டார். மற்றொரு மகள் கெர்டாவும் அவர் கணவர் டாக்டர் ஃபெலிக்ஸ் ஓஸ்ட்ரைஹரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1945 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் முகாமிலிருந்து சுமார் 2,500 பேரை ஒரு ரயிலில் ஏற்றினார்கள். எங்கே போவது என்றே தெரியாமல் அலைந்த அந்த ரயிலை ஏப்ரல் 23 அன்று ட்ரோபிட்ஸ் என்ற கிராமத்தருகே சோவியத் படை மீட்டது. விடுதலை கிடைத்தும் டைஃபஸ் காய்ச்சல் விடவில்லை. கெர்டாவும் ஃபெலிக்ஸும் அந்தக் கிராமத்திலேயே இறந்தார்கள். ரெனாட்டா பிழைத்து, முகாமில் ரகசியமாக எழுதிய நாட்குறிப்போடு திரும்பினார். அது 1965-இல் நூலாக வந்தது. அவர் 2011 வரை வாழ்ந்தார்.

எத்தனையோ பேரின் பிள்ளைகளை இன்சுலின் மூலம் பிழைக்க வைத்த மனிதர், தன் மகளை ஒரு தொற்றுக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். போர் முடிந்து இரண்டே ஆண்டில், 1947 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தில் லாக்கூர் காலமானார். வயது 67.

மிஞ்சியது என்ன?

ஆர்கனான் வளர்ந்தது. 1962-இல் லின்டியால் என்ற கருத்தடை மாத்திரையை வெளியிட்டது. 2007-இல் அதை ஷெரிங்-ப்ளோ நிறுவனம் 1,100 கோடி யூரோவுக்கு வாங்கியது. அந்த நிறுவனம், ஒரு காலத்தில் ஆர்கனானோடு போட்டி போட்ட பெர்லின் ஷெரிங்கின் அமெரிக்கக் கிளையிலிருந்து வந்தது என்பது வேடிக்கை. 2009-இல் அது மெர்க்கோடு சேர்ந்தது. 2021-இல் ஆர்கனான் என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் அதிலிருந்து பிரிந்து வந்தது.

நிறுவனத்தின் பெயர் நிலைத்தது, ஹார்மோனின் பெயரும் நிலைத்தது. அந்த இரண்டுக்கும் காரணமானவரின் பெயர்தான் மறந்துபோனது. பரிசுப் பட்டியலை மட்டும் வைத்து அறிவியல் வரலாற்றைப் படித்தால் லாக்கூர் போன்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அடுத்த முறை செய்தியில் டெஸ்டோஸ்டிரோன் என்று படிக்கும்போது, 100 கிலோவிலிருந்து எடுத்த அந்த 10 மில்லிகிராம் படிகத்தையும், அதற்காக உழைத்த நால்வரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.