ஹோடோகிராப்: திசைவேகம் வரையும் வளையம்

எண்ணூர்க் கடற்கரையில் நிற்கும் உயர்ந்த புகைபோக்கி ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். வானம் தெளிந்த ஒரு நாளில், விடியற்காலையில் அதன் புகை கடலை நோக்கிச் சாய்கிறது. பிற்பகலில் ஊர்ப்பக்கம் திரும்புகிறது. மாலையில் கரையை ஒட்டி வடக்கே செல்கிறது. இரவில் மறுபடியும் கடலை நாடுகிறது. இப்படி மணிக்கு மணி மாறும் காற்றை ஒரே படத்தில் அடக்கிவிட முடியுமா? முடியும். அந்தப் படத்தின் பெயர்தான் ஹோடோகிராப்.

இயந்திரப் படகுகள் வருவதற்கு முன், ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளின் மீனவர்கள் இந்தக் காற்றுகளை நம்பியே பாய் விரித்தனர். விடியுமுன் வீசும் நிலக்காற்று கட்டுமரத்தைக் கடலுக்குள் கொண்டு செல்லும். பிற்பகல் கடற்காற்று அதைக் கரை சேர்க்கும். அவர்கள் பட்டறிவால் அறிந்திருந்த அந்த ஒழுங்கைக் கணிதம் எப்படிப் படமாக்கியது என்பதை இனிக் காண்போம்.

இந்தச் சொல்லை உருவாக்கியவர் அயர்லாந்து நாட்டுக் கணித மேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1846 டிசம்பரில் டப்ளின் நகரின் ராயல் ஐரிஷ் அகாடமியில் இதை வெளியிட்டார். கிரேக்க மொழியில் 'ஹோடோஸ்' என்றால் வழி. 'கிராபோ' என்றால் எழுதுகிறேன். ஆனால் பெயரைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. ஹோடோகிராப் காட்டுவது பொருள் சென்ற வழியை அன்று. அதன் திசைவேகம் மாறிய வழியை.

இதை வரைவது எளிது. தாளில் ஒரு புள்ளியை ஆதிப்புள்ளியாகக் கொள்ளுங்கள். பொருளின் திசைவேகத்தை, அது எந்த இடத்தில் இருந்தாலும், அந்தப் புள்ளியிலிருந்து புறப்படும் அம்பாக வரையுங்கள். அம்பின் நீளம் வேகம். அது சுட்டுவது பொருள் செல்லும் திசை. நேரத்துக்கு ஒன்றாக வரைந்த அம்புகளின் நுனிகளை வரிசைப்படி இணைத்தால் கிடைக்கும் கோடே ஹோடோகிராப். இந்தக் கோட்டில் நுனி நகரும் வேகம்தான் பொருளின் முடுக்கம்.

ஹாமில்டன் இதைக் கோள்களுக்குப் பயன்படுத்தியபோது ஓர் அழகிய முடிவு கிடைத்தது. கோள் செல்லும் பாதை நீள்வட்டம். ஆனால் அதன் ஹோடோகிராப் சரியான வட்டம்! ஆதிப்புள்ளி அந்த வட்டத்தின் மையத்தில் இராமல் சற்று விலகியிருக்கும். பூமியையே பாருங்கள். சூரியனுக்கு மிக அருகில் வரும் ஜனவரியில் அதன் வேகம் வினாடிக்கு 30.29 கி.மீ.; மிகத் தொலைவில் இருக்கும் ஜூலையில் 29.29 கி.மீ. ஆகவே வட்டத்தின் ஆரம் 29.79, மைய விலகல் 0.50. விலகலை ஆரத்தால் வகுத்தால் சுமார் 0.017 வருகிறது. பூமிப் பாதையின் மையத்தொலைத்தகவும் இதுவே. சூரியனை ஒருமுறை நெருங்கிவிட்டுத் திரும்பி வராமலே போகும் வால்மீனுக்கோ, ஆதிப்புள்ளி வட்டத்துக்கு வெளியிலேயே விழுந்துவிடும்.

வானத்தில் பிறந்த இந்தக் கருவி பின்னர் காற்று மண்டலத்துக்கும் இறங்கி வந்தது. 1947-இல் பெர்ன்ஹார்ட் ஹார்விட்ஸ் என்ற வானிலை அறிஞர் கடற்காற்றின் ஹோடோகிராப்பை ஆராய்ந்தார். பூமி சுழல்வதால் ஏற்படும் கோரியாலிஸ் விளைவு, வட கோளத்தில் காற்றை வலப்புறம் திருப்புகிறது. எனவே கடற்காற்று வெறுமனே வருவதும் போவதுமாக இராமல், 24 மணி நேரத்தில் கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு நீள்வட்டத்தை வரைகிறது. உராய்வை ஒதுக்கிக் கணக்கிட்டால், சென்னையின் அட்சரேகையான 13 பாகையில் அந்த நீள்வட்டத்தின் அகலம் நீளத்தில் ஏறத்தாழ 0.45 பங்கு. எண்ணூர்ப் புகை மேற்கே சென்று, வடக்கே வளைந்து, பிறகு கிழக்கே திரும்புவதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

ஆனால் நம் கரையில் பருவக் காற்றும் வீசுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேலைக்காற்று வலுக்கும்போது, நீள்வட்டம் முழுவதும் படத்தில் கிழக்கே நகர்ந்துவிடும். கடற்காற்று தாமதமாகவே கரையேறும். மேலைக்காற்று மேலும் வலுத்தால் ஆதிப்புள்ளி வளையத்துக்கு வெளியே விழும். அன்று கடற்காற்று வரவே வராது, சென்னை வெயிலில் வாடும். திரும்பி வராத வால்மீனுக்கும் கடற்காற்று இல்லாத நாளுக்கும் படம் ஒரே கதையைச் சொல்வது வியப்பே!

இதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். பகல் 12 மணி நேரம் காற்று வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஊரை நோக்கியும், இரவு 12 மணி நேரம் அதே வேகத்தில் கடலை நோக்கியும் வீசுவதாகக் கொள்வோம். இரண்டு அம்புகளையும் கூட்டிச் சராசரி கண்டால் சுழி! சராசரி 'காற்றே இல்லை' என்கிறது. ஊர் மக்களோ அரை நாள் புகையைச் சுவாசிக்கிறார்கள். சராசரி மறைப்பதை ஹோடோகிராப் மறைப்பதில்லை. எந்த நேரத்தில் எந்தத் தெருவின் பக்கம் காற்று திரும்பும் என்பதை அதன் வளையம் வரிசை தவறாமல் காட்டுகிறது.

வட சென்னைக்கு இது ஏட்டுக் கணக்கு அன்று. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் தொடங்கியது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வட சென்னை அனல் மின் நிலையம் 1994-இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது; மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய வேளையில் எந்தப் பக்கம் ஓடுவது என்ற கேள்விக்கு ஆண்டுச் சராசரி பதில் சொல்லாது. அந்த மணி நேரத்தின் அம்புதான் சொல்லும்.

உங்கள் ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாம். மொட்டை மாடியில் ஒரு துணிக்கொடியைக் கட்டுங்கள். மூன்று மணிக்கு ஒருமுறை அது பறக்கும் திசையையும், காற்று மென்மையா வலுவா என்பதையும் குறித்து, அம்புகளாக வரைந்து நுனிகளை இணையுங்கள். வளையம் ஆதிப்புள்ளியைச் சூழ்கிறதா, விட்டு விலகுகிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டின்மேல் எப்போது யாருடைய புகை வரும் என்பதை அந்தத் தாளே உங்களுக்குக் கூறும்.