எட்டு விநாடி வாத்தியம்

ஆர்மோனியம் வாங்கப் போகிறவர் முதலில் துருத்தியை அமுக்கி, காற்று கசிகிறதா என்று பார்ப்பார். பழைய மெல்லோட்ரான் ஒன்றை வாங்கிவிட்டவரோ, மேல்மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே தந்தியும் இராது, குழலும் இராது. 35 கட்டைகளுக்கும் கட்டைக்கு ஒன்றாக 35 ஒலிநாடாக்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வரம். யாரோ ஒரு கலைஞர் என்றைக்கோ உண்மையாகவே வாசித்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். விட்டால் வில்கம்பி அதைத் தொடக்கத்துக்கே இழுத்துக்கொள்ளும். ஓட்டம் சுமார் எட்டு விநாடி.

இந்த விந்தையை முதலில் செய்தவர் கலிபோர்னியாவின் ஹாரி சேம்பர்லின். அவருடைய விற்பனையாளர் பில் ஃபிரான்சன், 1962-இல் இரண்டு வாத்தியங்களோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஒரே மாதிரியான 70 ஒலிமுனைகள் செய்துதர ஆள் தேடியபோது, பர்மிங்காம் பிராட்லி சகோதரர்கள் அகப்பட்டார்கள். இயந்திரம் ஃபிரான்சனுடையது என்றே அவர்கள் நம்பினார்கள். 1963-இல் மெல்லோட்ரான் பிறந்தது. பெற்றவருக்குச் செய்தி பிறகுதான் எட்டியது! சச்சரவு மூண்டு, கடைசியில் பணத்தால் தீர்ந்தது. பிராட்லிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேம்பர்லினை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

அங்கே வாத்தியக்காரர்களின் சங்கமும் கலங்கியது. பெட்டியே பிடில் வாசித்தால் பிடில்காரர் பிழைப்பு என்னாவது? நியாயமான பயந்தான். ஆனால் 1967-இல் பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இந்தப் பெட்டியின் புல்லாங்குழலோடு தொடங்கியபோது, நிஜக் குழலை யாரும் அதில் தேடவில்லை. அது தனி ஜாதிக் குரலாகிவிட்டது.

வாங்கியவர் கையில் இருப்பது அநேகமாக 1970-இல் வந்த எம்.400 ஆக இருக்கும். நாடாவை ஒலிமுனையில் அழுத்தும் சிறு பட்டைகள் தேய்ந்திருந்தால் ஸ்வரம் மங்கும். உருளைகள் இறுகியிருந்தால் நாடா தயங்கும். நாடா மடிந்திருந்தால் அந்த இடத்தில் குரல் விக்கும். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபின், பத்து விரலாலும் சேர்த்து அழுத்துங்கள். சுருதி இறங்கினால் மோட்டார் களைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் லேசான நடுக்கம் நல்ல பெட்டியிலும் உண்டு. அதையும் பழுதென்று எண்ணிச் சரிசெய்யப் புறப்பட்டால், எதற்காகப் பணம் கொடுத்தோமோ அதுவே போய்விடும்.

எட்டாவது விநாடியில் ஒலி சட்டென்று அறுந்தாலும் பதற வேண்டாம். நாடா அவ்வளவுதான்.