குடத்துக்குள் சென்ற பெயர்கள்

சோழர்காலத் தேர்தல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் உத்திரமேரூரைச் சுட்டுகிறோம். கங்கைகொண்ட சோழபுரம் எழுந்த மண்ணுக்குரிய அரியலூர், பெரம்பலூர்க்காரர்களான நமக்கு அப்பெருமையில் கூடுதல் உரிமை உண்டென்றும் தோன்றும். எனினும் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறுவது வாக்களிப்பு அன்று, சீட்டெடுப்பு. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர்.

அந்தக் குடத்துக்குள் யார் பெயர் செல்லலாம்? 921ஆம் ஆண்டு விதிப்படி கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். அது பிராமணர் சபை. உழுதவரும் பெண்களும் அக்கணக்கில் இல்லை. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரை உறவினரோடு விலக்கிய விதி மட்டும் இன்றும் நம்மை வியக்க வைக்கிறது.

ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் உடைமையே தகுதியாக நீடித்தது. 1920இல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில், நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 12 லட்சம் பேரே. 1921இல் மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கிருந்த தடையை நீக்கியது. சொத்துத் தகுதியை நீக்கவில்லை. உடையார்பாளையம் ஜமீன் ஊர்களில் கூலிக்குக் களையெடுத்த பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

அவளுக்கும் கதவைத் திறந்தது அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு. ஆயினும் 1951-52 தேர்தலுக்கான பட்டியலில், ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்றே பதிந்து தம் பெயரைக் கூறாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், நீக்கப்பட்டனர். உரிமை இருந்தும் பெயர் இல்லாமற்போயிற்று.

21ஆக இருந்த வயது வரம்பு 1989இல் 18 ஆயிற்று. இன்று சட்டம் கேட்பவை குடியுரிமை, வயது, வழக்கமாக வசிக்கும் இடம். மூன்றாவதுதான் நம் மானாவாரி ஊர்களிலிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கச் செல்வோரைத் தடுமாற வைக்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவோ, சொந்த வீடு இருப்பதனாலேயே ஒருவர் அவ்வூர்வாசி ஆகிவிடார் என்கிறது. தற்காலிகமாக வெளியூர் சென்றதனாலேயே அவர் அவ்வூர்வாசி அல்லாதவரும் ஆகிவிடார். உத்திரமேரூர் வீட்டைக் கேட்டது. இச்சட்டம் வாழ்வைக் கேட்கிறது. வீடற்றவரும் உறங்கும் இடத்தையே முகவரியாகக் காட்டிப் பதியலாம்.

ஆறாம் எண் படிவம் ஒரு தாள்தான். அதில் தன் பெயரைத் தானே எழுதுபவர், குடத்துக்குள் செல்ல முடியாத தலைமுறைகள் பலவற்றின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்.