கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர் சேர்க்கை

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர் சேர்க்கை என்பது, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் வசிப்புரிமை பெறாத மாணவர்களை அம்மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் படிப்புகளில் சேர்த்துக்கொள்வதற்கான விதிகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். அமெரிக்காவின் பிற மாநிலங்களைச் சேர்ந்தோர், வெளிநாட்டினர் ஆகிய இரு பிரிவினரும் இதில் அடங்குவர். மாநில மக்களின் வரிப்பணத்தில் உருவான ஒரு பல்கலைக்கழகத்தின் இடங்கள் முதலில் யாருக்கு உரியவை என்ற வினா இதன் அடிப்படையாகும்.

பின்னணி

கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1868 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இதன் 10 வளாகங்களுள் சான் பிரான்சிஸ்கோ வளாகம் மருத்துவம் சார்ந்த மேற்படிப்புகளுக்கு மட்டும் உரியது. ஏனைய 9 வளாகங்களில் இளங்கலைப் படிப்புகள் உள்ளன.

1960 ஆம் ஆண்டின் கலிபோர்னியா உயர்கல்விப் பெருந்திட்டம், மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களுள் முதல் எட்டில் ஒரு பங்கினர் (12.5 விழுக்காடு) இப்பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி பெறுவர் என வகுத்தது. வெளிமாநிலத்தவர் இவ்வாறு தகுதி பெறுவோரின் மேற்பாதியினருக்கு இணையானவராக இருத்தல் வேண்டும் என்றும் அது கூறியது.

வசிப்புரிமை

விண்ணப்பதாரர் பிறந்த இடமோ, குடியுரிமையோ மட்டும் வசிப்புரிமையைத் தீர்மானிப்பதில்லை. ஓராண்டுக்கு மேல் (குறைந்தது 366 நாட்கள்) மாநிலத்தில் தொடர்ந்து வசித்திருத்தல், அங்கேயே நிலைத்து வாழும் எண்ணத்தை வாகன ஓட்டுநர் உரிமம், வருமான வரிப் பதிவு போன்ற ஆவணங்களால் மெய்ப்பித்தல் ஆகியவை முதன்மை நிபந்தனைகள். கல்விக்காக மட்டும் மாநிலத்திற்கு வந்து தங்குவது வசிப்புரிமை தராது. பெற்றோரின் பொருளுதவியைச் சார்ந்திருக்கும் இளம் மாணவர்களுக்குப் பெற்றோரின் வசிப்பிடமும் கருத்திற்கொள்ளப்படும்.

எச்-1பி பணி விசாவில் உள்ளோரும், அவர்களைச் சார்ந்து எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகளும் இந்நிபந்தனைகளை நிறைவு செய்தால் வசிப்புரிமை பெறலாம். எஃப்-1 மாணவர் விசாவில் வருவோர் பொதுவாகப் பெற இயலாது. இதனால் கலிபோர்னியாவில் பணிபுரியும் இந்தியக் குடும்பத்தின் பிள்ளையும், சென்னையிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கும் மாணவரும் வெவ்வேறு பிரிவுகளில் வைக்கப்படுகின்றனர்.

தகுதி வேறுபாடுகள்

முதலாண்டில் சேர விரும்பும் அனைவரும் வரையறுக்கப்பட்ட 15 ஓராண்டுப் பாடங்களைக் கற்றிருத்தல் வேண்டும். இப்பாடங்களில் கலிபோர்னியா மாணவருக்குக் குறைந்தபட்சத் தரப்புள்ளி சராசரி 3.0 ஆகும், வெளிமாநிலத்தவருக்கு இது 3.4 ஆகும். இவை விண்ணப்பிப்பதற்கான கீழெல்லைகளே. தேர்வு பெறப் போதுமானவை அல்ல.

கலிபோர்னியா மாணவருக்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு. மாநில அளவிலோ, தம் பள்ளியிலோ முதல் 9 விழுக்காட்டினருள் ஒருவராக இருந்தும் விண்ணப்பித்த எவ்வளாகத்திலும் இடம் பெறாதவருக்கு, இடமுள்ள வேறொரு வளாகத்தில் சேர்க்கை முன்வரப்படும். வெளிமாநிலத்தவருக்கு இவ்வுறுதி கிடையாது.

எஸ்ஏடி, ஏசிடி தேர்வு மதிப்பெண்கள் இரு பிரிவினருக்கும் தேர்வுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

எண்ணிக்கை உயர்வும் தணிக்கை அறிக்கையும்

2008 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து மாநில அரசு பல்கலைக்கழகத்திற்கான நிதியைக் குறைத்தது. கூடுதல் கட்டணம் செலுத்தும் வெளிமாநில மாணவர்களைச் சேர்ப்பது நிதிப் பற்றாக்குறையை ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்றாயிற்று. 2011 ஆம் ஆண்டில் தகுதி அளவுகோலும் தளர்த்தப்பட்டது. வெளிமாநிலத்தவர் மேற்பாதியில் இருக்கவேண்டும் என்பது, சேர்க்கப்படும் கலிபோர்னியா மாணவருடன் ஒப்பிடத்தக்கவராக இருக்கவேண்டும் என மாறியது.

2016 மார்ச்சில் வெளியான மாநிலத் தணிக்கையாளர் அறிக்கை இதனைக் கடுமையாகக் குறை கூறியது. அவ்வறிக்கையின்படி 2010-11 முதல் 2014-15 வரை வெளிமாநில மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 18,000 (82 விழுக்காடு) உயர்ந்தது. கலிபோர்னியா மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 2,200 (1 விழுக்காடு) குறைந்தது. பல்கலைக்கழகம் இம்முடிவுகளை மறுத்தது. வெளிமாநிலக் கட்டண வருவாய் இல்லையெனில் கலிபோர்னியா மாணவர்களுக்கான இடங்கள் மேலும் குறைந்திருக்கும் என்பது அதன் வாதம்.

உச்சவரம்பு

2017 மே மாதத்தில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு முதன்முறையாக உச்சவரம்பு விதித்தது. டேவிசு, சாண்டா பார்பரா, சாண்டா குரூசு, ரிவர்சைடு, மெர்செட் ஆகிய 5 வளாகங்களில் வெளிமாநிலத்தவர் இளங்கலை மாணவருள் 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே அவ்வளவைத் தாண்டியிருந்த வளாகங்களுக்கு அப்போதைய அளவே வரம்பாயிற்று:

பெர்க்லி - 24.4 விழுக்காடு
சான் டியேகோ - 22.9 விழுக்காடு
லாசு ஏஞ்சலசு - 22.8 விழுக்காடு
இர்வைன் - 18.9 விழுக்காடு

2021 ஆம் ஆண்டின் மாநில வரவுசெலவுச் சட்டம், பெர்க்லி, லாசு ஏஞ்சலசு, சான் டியேகோ ஆகிய 3 வளாகங்களும் 2022-23 முதல் ஐந்தாண்டுகளில் படிப்படியாக 18 விழுக்காட்டிற்கு இறங்கவேண்டும் எனக் குறித்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 900 இடங்களைக் கலிபோர்னியா மாணவருக்கு மாற்றுவதும், கட்டண இழப்பை அரசு ஈடுசெய்வதும் இத்திட்டத்தின் கூறுகள்.

சேர்க்கை வீதத்தைப் புரிந்துகொள்ளல்

வளாகம் முழுமைக்குமாக வெளியிடப்படும் சேர்க்கை வீதம் ஒரு தனி மாணவரின் வாய்ப்பைக் காட்டாது. எடுத்துக்காட்டாக, லாசு ஏஞ்சலசு வளாகத்திற்கு 2023 இல் 1,45,000க்கும் மேற்பட்ட முதலாண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் தேர்வு பெற்றனர். இவ்வெண் உள்மாநிலத்தவர், வெளிமாநிலத்தவர், வெளிநாட்டினர் ஆகிய மூவரையும் ஒன்றாகக் கலந்தது.

பிரிவுவாரியான வீதத்தைப் படிக்கும்போதும் கவனம் தேவை. உச்சவரம்பு, படிப்போர் எண்ணிக்கைக்கே உரியது. சேர்க்கை முன்வரப்படுவோர் எண்ணிக்கைக்கு அன்று. ஒரு வளாகம் ஒரு பிரிவினருக்கு 1,000 இடங்களை நிரப்ப வேண்டியுள்ளதாகக் கொள்வோம். முன்வரப்பட்டோரில் பாதிப்பேர் வந்து சேர்வர் எனில் 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தால் போதும். கால்பங்கினரே வருவர் எனில் 4,000 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டணம் மிகுதி, வீட்டிலிருந்து தொலைவு, பிற பல்கலைக்கழகங்களின் உதவித்தொகை ஆகிய காரணங்களால் வெளிமாநிலத்தவருள் வந்து சேர்வோர் பங்கு குறைவு. எனவே அவர்களது சேர்க்கை வீதம் உயர்ந்து காணப்பட்டாலும் அதனை மட்டும் கொண்டு தேர்வு எளிது எனக் கொள்ள இயலாது.

தேர்ந்தெடுக்கும் துறையும் வாய்ப்பை மாற்றும். பெர்க்லியின் பொறியியல் கல்லூரியில் சேர்க்கை துறைவாரியாக நடைபெறுவதால் வளாகச் சராசரி அங்குப் பொருந்தாது.

கட்டணமும் உதவித்தொகையும்

வெளிமாநிலத்தவர் அனைவருக்கும் பொதுவான கட்டணத்துடன் கூடுதல் கட்டணமும் செலுத்த வேண்டும். 2024 நவம்பரில் ஆட்சிக்குழு எடுத்த முடிவின்படி, 2025-26 இல் புதிதாகச் சேர்வோருக்கு இக்கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 37,602 டாலர்கள். மாநில அரசின் கால் கிராண்ட் உதவித்தொகை இவர்களுக்கு இல்லை. ஆகவே இடம் கிடைத்தும் சேர இயலாத நிலை பல குடும்பங்களுக்கு ஏற்படுகிறது.

2001 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஏபி 540 சட்டம், கலிபோர்னியா உயர்நிலைப் பள்ளியில் 3 ஆண்டுகள் பயின்று தேறியவர்களுக்கு, வசிப்புரிமை இல்லாவிடினும் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. குடியேற்ற ஆவணங்கள் அற்ற மாணவர் பலர் இதனால் பயன்பெற்றனர்.

சட்ட நிலை

வசிப்பிடத்தின் அடிப்படையில் மாணவர்களை வேறுபடுத்துவதை அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுள்ளன. எனினும் 1973 ஆம் ஆண்டின் விளாண்டிசு எதிர் கிளைன் வழக்கில், விண்ணப்பித்த வேளையில் வெளிமாநிலத்தவராக இருந்தவரைப் படிப்புக்காலம் முழுவதும் அவ்வாறே கருதிய கனெடிகட் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. தாம் உண்மையில் அம்மாநிலவாசியாகிவிட்டதை மெய்ப்பிக்க மாணவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.