தும்மலுக்கு ஒரு கணக்கு

வீட்டில் குழந்தை தும்மினால் அருகில் இருக்கும் பாட்டி "நூறு" என்பார். மறுபடியும் தும்மினால் "இருநூறு" என்பார். நூறாண்டு வாழ்க என்னும் வாழ்த்து அது. சிறு வயதில் எனக்கும் அந்த வாழ்த்துக் கிடைத்ததுண்டு. பாட்டி ஏன் தும்மலை எண்ணுகிறார் என்று நான் வியந்ததும் உண்டு. பழைய அறிக்கைகளைப் புரட்டிச் சரித்திரம் படிக்கத் தொடங்கிய பிறகுதான், தும்மலை எண்ணுவதையே கடமையாகக் கொண்ட பெரியதோர் ஏற்பாடு உலகில் உண்டென்று அறிந்தேன். இன்ஃப்ளூயென்சாக் காய்ச்சலைக் கண்காணிக்க நாடுகள் எவ்வாறு கற்றுக்கொண்டன, அதில் நம் நாட்டின் பங்கு என்ன என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன். ஆகையால் மருந்து எதுவும் கூறப் போவதில்லை.

கணக்கு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1918 ஜூன் மாதத்தில் பம்பாயில் ஒரு காய்ச்சல் தோன்றிற்று. ரயில் பாதைகளைப் பற்றிக்கொண்டு அது நாடெங்கும் பரவியது. சற்றுத் தணிந்தது போலக் காட்டி, செப்டம்பர் முதல் முன்னிலும் கொடுமையாகத் திரும்பி வந்தது. நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1911 முதல் 1921 வரையுள்ள பத்தாண்டுகளில், இன்றைய இந்திய எல்லைக்குட்பட்ட பகுதியில், மக்கள் தொகை பெருகுவதற்கு மாறாகக் குறைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் குடிக்கணக்குகளில் அப்படி நேர்ந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான். இத்தனைக்கும் அந்நோய் எதனால் வந்தது என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு பாக்டீரியாவின் மேல் பழியைச் சுமத்தினார்கள். அது தவறென்று பின்னர்த் தெரிந்தது. கொன்றவன் பெயர் தெரியாமலே கோடிப் பேரைப் பறிகொடுத்தோம். அந்த வைரஸின் அமைப்பு முழுவதும் 2005ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. பாதுகாத்து வைத்திருந்த பழைய உடல் திசுக்களிலிருந்தும், அலாஸ்காவின் உறைபனியில் புதைந்திருந்த ஒரு சடலத்திலிருந்தும் அமெரிக்க விஞ்ஞானிகள் அதனைத் திரட்டினார்கள். 87 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை அது.

மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயென்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் லண்டனைச் சேர்ந்த ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர். ஆண்டு 1933. சில ஆண்டுகளில் அதனைக் கோழி முட்டையில் வளர்க்கக் கற்றார்கள், தடுப்பூசியும் செய்தார்கள். இனிக் கவலையில்லை என்று நினைத்திருந்த வேளையில், 1947இல் அமெரிக்காவில் அந்தத் தடுப்பூசி பயனற்றுப் போயிற்று. ஊசியில் குறையில்லை, வைரஸ் உருமாறியிருந்தது. மாறிக்கொண்டே இருக்கும் பகைவனை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற பாடத்தை அந்தத் தோல்வி கற்பித்தது. 1952இல் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கெனப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களை ஒரே வலையாகப் பின்னியது.

நம் நாட்டில் அந்தப் பொறுப்பை ஏற்றது நீலகிரி மலையில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிலையம். நாய்க்கடிக்கு மருந்து செய்வதற்காக 1907இல் தொடங்கப்பெற்ற நிலையம் அது. அங்கே இன்ஃப்ளூயென்சா ஆய்வுக்கென ஒரு பிரிவு அமைந்தது. அமைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதற்குச் சோதனை வந்தது.

1957இன் தொடக்கத்தில் சீனாவில் புதிய காய்ச்சல் ஒன்று தோன்றி, ஏப்ரல் மாதத்தில் ஹாங்காங்கை அடைந்து, சிங்கப்பூருக்கும் பரவிற்று. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே கப்பல் போக்குவரத்து மிகுந்திருந்த காலம் அது. மே மாதத்தின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. வழியிலேயே பிரயாணிகள் பலர் காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். அந்தக் கப்பலோடு நோயும் கரை இறங்கிற்று. சில வாரங்களில் நாடு முழுவதும் பரவிவிட்டது.

ஆனால் 1918க்கும் 1957க்கும் ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை குன்னூரில் ஆட்கள் காத்திருந்தார்கள். நோயாளியின் தொண்டையைக் கொப்பளிக்கச் செய்து, அந்த நீரைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். கருவுற்ற கோழி முட்டைக்குள் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து முட்டைக்குள் இருக்கும் நீரை எடுத்துக் கோழி இரத்த அணுக்களோடு கலப்பார்கள். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் வைரஸ் இருக்கிறது என்று பொருள். பிறகு பழைய வைரஸ்களுக்கென வைத்திருக்கும் எதிர்ப்பு நீரைச் சேர்ப்பார்கள். வந்தவன் பழைய ஆளானால் அந்தத் திரட்சி தடைப்படும். 1957இல் வந்த வைரஸோ அந்தப் பழைய எதிர்ப்பு நீர் எதற்கும் கட்டுப்படவில்லை. வந்திருப்பவன் புதியவன் என்பது உலகெங்கும் உறுதியாயிற்று.

அந்த நிகழ்ச்சிகளை ஐ. ஜி. கே. மேனன் என்பவர் 1959இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் இதழில் பதிவு செய்தார். 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை இந்தியாவில் 44,51,785 பேர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் அதில் கணக்கு இருக்கிறது. ஏட்டில் ஏறிய கணக்குத்தான் இது. ஏட்டில் ஏறாமல் குடிசைகளிலும் கிராமங்களிலும் நடந்தவை இதில் சேரா. ஆயினும், 1918ஐப் பற்றி இன்னும் மதிப்பீடுகளிடையே தடுமாறும் என் போன்றவனுக்கு, நாள் குறித்து எழுதிய இந்த ஒரு வரி பெருஞ்செல்வமாகத் தோன்றுகிறது.

இந்த வைரஸ் ஏன் இப்படி மாறுகிறது? நம் ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்று எழுதும்போது ஓர் எழுத்துப் பிழைபடும். அதைப் பார்த்து எழுதுபவர் இன்னொரு பிழை சேர்ப்பார். நாளடைவில் பாடபேதங்கள் பெருகும். இன்ஃப்ளூயென்சா வைரஸும் தன்னைப் பிரதி செய்யும்போது ஓயாமல் பிழை செய்கிறது. ஆண்டுதோறும் வரும் சிறு மாற்றங்கள் இவ்வாறு உண்டாகின்றன. பெருமாற்றமோ வேறு வகை. இந்த வைரஸின் மரபுச் செய்தி 8 தனித் துண்டுகளாக இருக்கிறது. 8 ஏடுகள் கொண்ட சுவடி என்று வைத்துக்கொள்ளலாம். மனித வைரஸும் பறவை வைரஸும் ஒரே உயிரணுவில் சந்தித்தால், ஏடுகள் மாறிக் கட்டப்படுவதும் உண்டு. 1957இன் வைரஸில் 3 ஏடுகள் பறவையினுடையவை. மற்ற 5 ஏடுகள் முன்பு மனிதரிடையே உலவிய வைரஸினுடையவை. இது பிற்கால மரபணு ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை.

டாக்டர் சாமிநாதையர் ஒரே ஊர்ச் சுவடியோடு நின்றிருந்தால் சரியான பாடம் கண்டிருக்க முடியுமா? ஊர் ஊராகத் தேடி, பல சுவடிகளை ஒப்பிட்டதனால் அன்றோ அது கைகூடிற்று? வைரஸின் பாடபேதத்தை அறியவும் அதுவே வழி. இன்று நம் நாட்டில் இந்தப் பணிக்குத் தலைமை வகிப்பது புனேயிலுள்ள தேசிய வைரஸ் இயல் நிறுவனம். 1952இல் வைரஸ் ஆராய்ச்சி நிலையமாகத் தோன்றி, 1978இல் இப்பெயர் பெற்றது. பல ஊர்களின் ஆய்வுக்கூடங்கள் அதனோடு சேர்ந்து உழைக்கின்றன. முட்டையும் இரத்த அணுவும் சொன்னதற்கு மேலாக, மரபணுவின் ஒவ்வோர் எழுத்தையும் இன்று படிக்கிறார்கள்.

இவ்வாறு பல ஊர்களில் கணக்கெடுத்ததால் கிடைத்த பயன் ஒன்றைச் சொல்கிறேன். குளிர்காலத்து நோய் இது என்பது மேனாட்டார் எழுதிவைத்த பாடம். ஸ்ரீநகருக்கு அது பொருந்துகிறது. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை நோய் ஓங்குகிறது. ஆனால் டெல்லியிலும் புனேயிலும் அது தென்மேற்குப் பருவமழையோடு வந்து, ஜூலை முதல் செப்டம்பர் வரை நிற்கிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் தலைதூக்குகிறது. தடுப்பூசியின் பலம் மாதங்கள் செல்லச் செல்லக் குறைவது. ஆகவே எந்த ஊருக்கு எந்த மாதம் என்று அறியாமல் போட்டால் பாதிப் பயன்தான். லண்டன் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சென்னையில் விதைக்கலாமா?

இன்னொரு செய்தியும் உண்டு. இன்ஃப்ளூயென்சா பி வகையில் யமகாட்டா என்றொரு கிளை இருந்தது. 2020 மார்ச் மாதத்துக்குப் பிறகு அதை உலகில் எங்கும் உறுதியாகக் கண்டவர் இல்லை. அதனால் தடுப்பூசியிலிருந்தே அதை நீக்கிவிட வல்லுநர்கள் ஆலோசனை கூறினார்கள். வந்ததைச் சொல்ல ஒரு நோயாளி போதும். போய்விட்டது என்று சொல்வதற்கோ, எல்லா நாடுகளிலும் இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் வேண்டும்.

நோய் பரவும் ஆண்டில் ஆய்வுக்கூடத்தைத் தேடிச் செல்கிறோம். நோயில்லாத ஆண்டில் அது வீண் செலவாகத் தோன்றுகிறது. ஆனால் 1957 மே மாதத்தில் குன்னூரில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள் என்றால், ஒன்றும் நடவாத முந்திய ஆண்டுகளிலும் அங்கே யாரோ முட்டைகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள் என்பதுதானே பொருள்? அவர்களிற் பலருடைய பெயரை நான் எந்த அறிக்கையிலும் காணவில்லை. அடுத்த முறை வீட்டில் யாராவது தும்மி, பெரியவர்கள் "நூறு" என்று வாழ்த்தும்போது, அந்த வாழ்த்துப் பலிப்பதற்காக எங்கோ கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் அந்தப் பெயரற்றவர்களையும் நாம் நினைத்துக்கொள்வோமாக.