அணை நீரும் ஆதிக்குடிகளும்

நைனார்பாளையத்து வயல்வெளியில் நின்று நோக்கினால், தொலைவில் கல்வராயன் மலைத்தொடர் ஒரு நீலக்கோடாய்த் தெரியும். அம்மலையின்மீது கார்மேகம் திரளும் நாள்களில் இப்பகுதி உழவர்களின் உள்ளம் குளிர்கிறது. பொட்டியம், கல்படை முதலிய மலைப்பகுதிகளில் பெய்யும் மழை ஓடைகளாய் இறங்கி, கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையை நிரப்புகிறது. அணையின் நீர்மட்டம் 46 அடியை எட்டியதா என்று நாளிதழில் தேடிப் பார்க்கும் நாம், அந்த நீர் புறப்பட்டு வரும் இடத்தில் வாழ்கின்ற மக்களைப் பற்றி எத்தனை முறை எண்ணியிருக்கிறோம்?

கல்வராயன் மலையில் தொன்றுதொட்டு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். 1976-ஆம் ஆண்டு வரை அவர்கள் ஜாகீர்தார்களின் ஆளுகைக்கு உட்பட்டே இருந்தனர். கோமுகி அணையோ 1960-களிலேயே எழுந்துவிட்டது. மலையின் நீர் சமவெளிக்கு உரிமையாகி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே மலைமக்கள் ஜாகீர் முறையினின்று விடுபட்டனர். இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வரலாறு யாருடைய தேவையை முதலில் கேட்டது என்பது விளங்கும்.

கோமுகி மலையடிவாரத்தில் அமைந்த சிறிய அணை. பேரணைகள் பழங்குடியினரையும் மழைக்காட்டையும் எவ்வாறு மாற்றிவிடுகின்றன என்பதை அறிய, நாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு, குறிப்பாக ஆனைமலைக்குச் செல்லவேண்டும்.

ஆனைமலைக் காடுகளின் ஆதிக்குடிகளுள் காடர் என்போர் முதன்மையானவர்கள். காட்டிற்கு உரியவர் என்பதே அப்பெயரின் பொருள். ஏர் பிடித்து உழாமல், கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் ஆற்றில் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்கள் இவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறைக்குத் தலைமை தாங்கிய எரன்ஃபெல்ஸ் என்னும் அறிஞர், கொச்சிப் பகுதிக் காடர்களைப் பற்றி எழுதிய நூல் 1952-இல் வெளிவந்தது. அந்நூல் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அம்மக்களின் ஆற்றங்கரைகள் அடையாளம் தெரியாமல் மாறத் தொடங்கின.

சாலக்குடி ஆற்றில் பொரிங்ஙல்குத்து மின்திட்டம் 1957-இல் இயங்கத் தொடங்கியது. அடுத்துச் சோலையாறு வந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் வந்தது. மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலந்த நீரைக் கிழக்கே திருப்பிய இத்திட்டத்திற்கான ஒப்பந்தத்தில் தமிழகமும் கேரளமும் 1970 மே 29 அன்று கையொப்பமிட்டன. 1958 நவம்பர் 9 முதலே அது நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வட்டாரங்கள் செழித்தன. அச்செழிப்பை நாம் குறைத்துப் பேசலாகாது. அந்த நீரால் பசியாறியவர் பல்லாயிரவர். ஆனால் இரு மாநிலங்கள் தங்கள் பங்கை அளந்து எழுதிக்கொண்ட அவ்வேட்டில், காடர்கள் ஒரு தரப்பினராக இடம்பெறவில்லை.

மலைநாட்டில் பள்ளத்தாக்கே செழுமையான பகுதி. மீனும் கிழங்கும் வயது முதிர்ந்த பெருமரங்களும் அங்கேதான் மிகுதி. அணை முதலில் விழுங்குவதும் அதனையே. காடர்களின் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன. காலடிப் பாதைகள் நீருக்கடியில் மறைந்தன. அணை கட்டச் சாலை வந்தது. சாலை வழியே தொழிலாளர் முகாம்களும் மரவெட்டும் வந்தன. எஞ்சிய காடு பின்னர்ச் சரணாலயமாகவும், 2010-ஆம் ஆண்டளவில் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. காட்டைக் காப்பதற்கு அது தேவையே எனினும், அணைக்காக ஒருமுறை ஒதுங்கிய மக்கள் காப்பகத்தின் விதிகளுக்கும் மறுமுறை ஒதுங்க வேண்டியவர்களானார்கள்.

இதே சாலக்குடி ஆற்றில் அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் மின்திட்டம் ஒன்று முன்மொழியப்பட்டபோது, வாழச்சால் காடர்கள் இம்முறை வாய்மூடி இருக்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி 2014-இல் அவர்கள் சமூக வன உரிமை பெற்றனர். அம்மக்கள் இன்று இருவாச்சிப் பறவையின் கூடுகளுக்குக் காவலராய் இருக்கின்றனர். பெண் இருவாச்சி முதிய மரத்தின் பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவை வெளியிலிருந்து கனி கொணர்ந்து ஊட்டும். அத்தகைய மரம் உருவாகப் பல தலைமுறைகள் வேண்டும். அது மூழ்குவதற்கு ஒரு மழைக்காலம் போதும். 2020-ஆம் ஆண்டிலும் அத்திட்டம் மீண்டும் பேசப்பட்டது. ஆயினும், குந்திப்புழையின் குறுக்கே வரவிருந்த அணை கைவிடப்பட்டு, 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவான வரலாறு நமக்கு நம்பிக்கை தருகிறது.

உலகின் பிற பகுதிகளிலும் இதே கதைதான். பிரேசிலின் அமேசான் காட்டில் 1987-இல் நீர் தேக்கத் தொடங்கிய பால்பினா அணை, ஏறத்தாழ 2,360 சதுர கிலோமீட்டர் நிலத்தை மூழ்கடித்தது. அதன் மின்திறன் வெறும் 250 மெகாவாட். வைமிரி-அத்ரோவாரி மக்களின் இரு ஊர்கள் இடம்பெயர்ந்தன. மூழ்கிய மரங்கள் அழுகி மீத்தேன் வாயுவைக் கக்கின. பிலிப்பைன்சில் சீக்கோ ஆற்றின் அணைகளை எதிர்த்த கலிங்கா இனத் தலைவர் மாக்லியிங் துலாக் 1980 ஏப்ரல் 24 அன்று படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அமேசானின் சிங்கு ஆற்றில் பெலோ மோன்தே அணையை எதிர்த்த ஆயர் எர்வின் குராய்ட்லர், கொலை மிரட்டல்களுக்கிடையே காவலர் பாதுகாப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 2016-இல் அந்த அணை இயங்கத் தொடங்கிவிட்டது. எனினும், அவரது குரல் தோற்றுவிட்டது என்று நாம் கூறமாட்டோம்.

உலக அணைகள் ஆணையம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பேரணைகளால் இடம்பெயர்ந்தோர் 4 கோடி முதல் 8 கோடி வரை இருப்பர் என மதிப்பிட்டது. அணைகளின் நன்மையை மறுக்காத அவ்வறிக்கை, அந்நன்மைக்கான விலையைப் பல வேளைகளில் எளியோரே செலுத்தினர் என்று எடுத்துரைத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், பெருந்திட்டங்கள் தங்கள் நிலத்தைத் தொடும்போது பழங்குடி மக்களே உரையாடலின் முதன்மைப் பங்காளிகளாக இருக்கவேண்டும் என வலியுறுத்துகிறது.

அணைகளை இடித்துத் தள்ளவேண்டும் என்பது நமது கருத்தன்று. நம் வயலுக்கு வரும் நீரைக் கடனாகக் கருதவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். கடன் என்று உணர்ந்தவன் கொடுத்தவரை மறப்பதில்லை. மலைமக்கள் நில உரிமையும் பள்ளியும் சாலையும் மருத்துவமும் கேட்டு நம் அலுவலகங்களின் வாயிலில் நிற்கும்போது, அவர்களுக்கு யாரோ இரக்கப்பட்டு ஈவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நெடுநாள் நிலுவை. அடுத்த மழைக்கு மலைமேல் மேகம் திரளும்போது, அணையின் அளவுகோலைப் பார்க்கும் நம் கண்கள் சற்றே மேலேயும் நோக்கட்டும்.